பயிற்சியாளரைத் தேடும் முன் ஆட்டக்காரர் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாறுவது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலால் உதைத்து ஆடும் நம் கால்பந்தோடு குழப்பிக்கொள்ளாமல், முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலைத் தமிழ் வாசகருக்குப் புரியும்படி விளக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை வந்து சேர்ந்த முடிவை ஏற்க முடியவில்லை. தாக்குதல் ஆட்டத்தைப் புதுமையாக வகுக்கத் தெரிந்த ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்திவிட்டால் நல்ல ஆட்டக்காரர்கள் தாமாகவே வந்து சேருவார்கள் என்கிறது கட்டுரை. பல கல்லூரிகள் பெரும் பணத்தை இழந்தது இந்த நம்பிக்கையால்தான். இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் அதே அளவு பணத்தை விழுங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2025 பருவத்தின் நடுவிலேயே பென் ஸ்டேட், ஃபுளோரிடா, எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட்), ஆபர்ன் ஆகிய கல்லூரிகள் பயிற்சியாளர்களை வெளியே அனுப்பின. எல்எஸ்யூ மட்டும் பிரையன் கெல்லிக்குக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தப் பாக்கி ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். இத்தனை பணம் புழங்கும் இடத்தில் பயிற்சியாளரிடம் முதலில் எதைக் கேட்பது என்பதில் தெளிவு இல்லாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

தலைமைப் பயிற்சியாளரின் வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். சம்பளம் கொடுத்து வேறொருவரை வைத்துச் செய்யக்கூடியவை ஒரு வகை. எந்த ஆட்டத்தை எப்போது ஆடுவது என்று முடிவு செய்வது, அதாவது ஆட்ட முறை, இதில் சேரும். அதற்கென்றே கோஆர்டினேட்டர் என்ற பதவி இருக்கிறது. எந்தப் பையனை எடுப்பது, யாரை விடுவது, எடுத்தவனை எப்படித் தக்கவைப்பது என்பது இன்னொரு வகை. இதில் உதவிக்கு எத்தனை பேர் இருந்தாலும் கடைசிச் சொல் தலைமைப் பயிற்சியாளருடையது. பையனின் தாய் நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்பதும் அவரைத்தான்.

ஆட்ட முறையை விலைக்கு வாங்கலாம் என்பதற்கு நிக் சேபனை விடப் பெரிய சான்று இல்லை. அவர் தற்காப்பு ஆட்டத்தில் வளர்ந்தவர். 2007இல் அலபாமாவுக்கு வந்து, ஆண்டுதோறும் நாட்டின் முதல் வரிசை இளைஞர்களைச் சேர்த்து, 2009, 2011, 2012 ஆண்டுகளில் நிதானமான, ஓட்டத்தை நம்பிய ஆட்டத்தால் பட்டம் வென்றார். பிறகு காலம் மாறியது. எதிரணிகள் ஒவ்வொரு நகர்வுக்கும் இடையே கூடிப் பேசாமல் விரைவாக ஆடத் தொடங்கின. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, வீசுவதா என்று கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்பிஓ வகை ஆட்டங்களும் பரவின. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பந்து வீசும்முன், முன்வரிசையில் நின்று முட்டித் தடுக்கும் லைன்மேன் ஒரு யார்டு மட்டுமே முன்னேறலாம். கல்லூரி விதி மூன்று யார்டு வரை இடம் கொடுக்கிறது. அந்த இரண்டு யார்டு இடைவெளியில்தான் ஆர்பிஓ உயிர் வாழ்கிறது. லைன்மேன் முன்னே வருவதைப் பார்த்து ஓட்டம் என்று நம்பித் தற்காப்பாளர் ஓடி வருவார். பந்து அவர் தலைக்கு மேல் போகும். சேபன் 2014இல் லேன் கிஃபினைக் கோஆர்டினேட்டராக எடுத்து ஆட்டத்தை மாற்றினார். 2020இல் ஸ்டீவ் சார்கீசியன் வகுத்த தாக்குதலோடு 13 ஆட்டங்களும் வென்று பட்டம் பெற்றார். ஆட்ட முறை இரண்டு மூன்று தடவை மாறியது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த கண் மாறவில்லை.

எல்எஸ்யூவின் 2019 இதைவிடக் கூர்மையான பாடம், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 2018இல் வீசிய டச் டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ந்து புள்ளி தந்த பாஸ்கள், 16. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து பாஸிங் ஆட்டத்தை மாற்றியமைத்த 2019இல், அதே பர்ரோ வீசியவை 60. அணி 15க்கு 15 வென்றது. ஆட்ட முறைக்கு மதிப்பில்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு பிரேடி என்எஃப்எல்லுக்குப் போனார். தற்காப்பு கோஆர்டினேட்டர் பேய்லர் கல்லூரிக்குப் போனார். அணியிலிருந்து 14 பேரை என்எஃப்எல் அணிகள் தேர்ந்தெடுத்தன. 2020இல் 5 வெற்றி, 5 தோல்வி. 2021இல் 6 வெற்றி, 7 தோல்வி. ஆள் சேர்ப்பில் பெயர் பெற்ற எட் ஆர்ஜெரான் பதவி இழந்தார். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்த இடத்தில் புது முறை வந்து விழுந்ததால் வெடித்த வெற்றி அது. முறையை வாங்கியவருக்கு அது போனபின் அதே தரத்தில் இன்னொன்றை வாங்கத் தெரியவில்லை. ஆகவே நேர்காணலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இங்கிருந்தே பிறக்கிறது: உங்கள் கோஆர்டினேட்டர் நாளைக்குப் போய்விட்டால், அவர் இடத்துக்கு யார் யாரை மனதில் வைத்திருக்கிறீர்கள்? மூன்று பெயரைக் காரணத்தோடு சொல்ல முடியாதவர் ஆட்ட முறையை இரவல் வாங்கி வைத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதை அளந்து பார்க்க ஒரு கணக்கு உண்டு. பள்ளி ஆட்டக்காரர்களை மதிப்பிடும் நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் நட்சத்திரம் கொடுக்கின்றன. ஓர் ஆண்டில் ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் முப்பதைச் சுற்றி. நான்கு நட்சத்திரம் பெறுபவர்கள் சில நூறு பேர். ஒரு கல்லூரி கடந்த நான்கு ஆண்டுகளில் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் இந்த இரு வகையில் இருந்தால் பட்டத்துக்குத் தகுதியான அணி என்று கணக்கிடுவார்கள். இந்தத் தரவரிசைகள் முறையாக வரத் தொடங்கியதிலிருந்து 2024 பருவம் வரை பட்டம் வென்ற அணிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவை. 2022 பருவத்தில் டெக்ஸஸ் கிறிஸ்டியன் அணி விறுவிறுப்பான தாக்குதல் ஆட்டத்தோடு அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவைச் சந்தித்தபோது கிடைத்த விடை 65-7. ஒரு நல்ல நாளில் முறையால் ஒரு பெரிய அணியை வெல்லலாம். அடுத்தடுத்து இரண்டு, மூன்று பெரிய அணிகளை வெல்ல வேண்டிய கட்டம் வரும்போது உடல் வலிமையும் மாற்று ஆட்டக்காரர்களின் தரமும்தான் பேசும்.

ஆட்ட முறையின் மேலாதிக்கம் ஏன் நீடிப்பதில்லை என்பதற்குக் காரணம் எளியது. அதை மறைத்து வைக்க முடியாது. ஆட்டம் முடிந்த மறுநாளே ஒவ்வொரு காட்சியும் எதிரணிகளின் கணினியில் இருக்கும். மைக் லீச் 2020இல் மிசிசிப்பி ஸ்டேட்டின் பயிற்சியாளராக ஆடிய முதல் ஆட்டத்தில் எல்எஸ்யூவை 44-34 என்று வென்றார். அவருடைய குவார்ட்டர்பேக் வீசிய 623 யார்டு அந்தக் கான்ஃபரன்ஸின் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாதனை. அடுத்த வாரமே ஆர்கன்சா மூன்று பேரை மட்டும் முன்னால் அனுப்பி, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திப் பாஸ் போகும் வழிகளை அடைத்தது; 21-14 என்று மிசிசிப்பி ஸ்டேட் தோற்றது. அதற்கடுத்த வாரம் கென்டக்கியிடம் 24-2. ஆறு பாஸ்கள் எதிரணி கையில் போய் விழுந்தன. முறை கெட்டுப்போய்விடவில்லை. எட்டுப் பேர் பின்வாங்கினால் ஓடி அடிக்கவும், நெருக்கடியிலும் பந்தைப் பிடித்து இழுக்கவும் தேவையான ஆட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. லீச் பொறுமையாக ஆட்களை மாற்றினார். மூன்றாம் ஆண்டான 2022இல் அந்த அணி 9 ஆட்டங்கள் வென்றது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைக் காணாமலே டிசம்பரில் அவர் மறைந்தது இந்த ஆட்டத்துக்கே பேரிழப்பு.

இப்போது மறுபக்கம். ஜிம்போ ஃபிஷர் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மில் 2022இல் சேர்த்த முதலாண்டுக் கூட்டம் நாட்டின் முதலிடம் பெற்றது. அதுவரை பார்த்தவற்றிலேயே சிறந்தது என்று பலரும் எழுதினார்கள். அந்தப் பருவத்தில் அவர் அணி 5 வென்று 7 தோற்றது. அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்றதும் அப்போதுதான். எந்தத் தாக்குதலை எப்போது ஆடுவது என்று தாமே முடிவு செய்வேன் எனப் பிடிவாதமாக இருந்தார். காலம் கடந்து வேறொருவரை அமர்த்தினார். அதற்குள் சேர்த்தவர்களில் பலர், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆள் சேர்ப்பு நான்காண்டு முதலீடு. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது. 2021இல் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்று விதி தளர்ந்தது. 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. பயன்படுத்தத் தெரியாமல் சேர்த்து வைத்த திறமை இப்போது ஓராண்டுக்குள் எதிரணியின் சட்டையை மாட்டிக்கொள்கிறது.

கட்டுரை தொடாமலே விட்டதும், பெரும்பாலான நியமனங்கள் முறிந்துபோவதும் வேறோர் இடத்தில். ஆட்ட முறை நல்லதாக இருக்கலாம், ஆட்களும் நல்லவர்களாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் இரண்டும் வீண்.

2008 பருவத்துக்காக மிச்சிகன் ரிச் ராட்ரிகஸை வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து அழைத்து வந்தது. அவருடைய முறையில் குவார்ட்டர்பேக்கே முதல் ஓட்டக்காரர். மிச்சிகனிடம் இருந்ததோ நின்ற இடத்திலிருந்து நீளமாக வீசுவதற்கென்று சேர்த்த ரயன் மேலட். அவர் ஆர்கன்சாவுக்கு மாறிவிட்டார். எஞ்சியவர்களை வைத்து ஆடிய அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. 33 ஆண்டுகளாக விடாமல் பௌல் எனும் பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்துக்குப் போன கல்லூரி அந்த ஆண்டு வீட்டில் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து டெனார்ட் ராபின்சன் என்ற பொருத்தமான குவார்ட்டர்பேக் 1,702 யார்டு ஓடினார். தாக்குதல் பக்கம் மலர்ந்துவிட்டது. ஆனால் தற்காப்புப் பக்கம் ஆட்டத்துக்குச் சராசரி 35 புள்ளிகளுக்கு மேல் விட்டுக்கொடுத்தது. பயிற்சியாளரின் நேரம் முடிந்துபோயிற்று. முறை பழுதானதல்ல. அதற்கு ஆள் சேர மூன்று ஆண்டு ஆகும் என்பதையும், அதுவரை தற்காப்பைத் தாங்க யார் இருக்கிறார்கள் என்பதையும் நியமிக்கும் நாளில் யாரும் கணக்கிடவில்லை.

ஜார்ஜியா டெக் இதன் மறுபுறம். பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை அங்கே டிரிபிள் ஆப்ஷன் ஆடினார். அதன் சூட்சுமத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்த சேதம் புரியும். சாதாரண ஆட்டத்தில் எதிரணியின் வலிமையான தற்காப்பாளரை ஒரு லைன்மேன் முட்டித் தடுக்க வேண்டும். ஆப்ஷனில் அவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் அவர் எந்தப் பக்கம் பாய்கிறார் என்று பார்த்து, மறுபக்கம் பந்தைக் கொடுப்பார். இப்படி இரண்டு பேரைத் தடுக்காமலே வெளியேற்றுவதால் தடுப்பவர்கள் மிச்சமாகி முன்னே போகிறார்கள். அதனால் லைன்மேன்களுக்கு மலை போன்ற உடம்பு தேவையில்லை. சுறுசுறுப்பும், தாழ்ந்து காலில் விழுந்து தடுக்கும் திறமையும் போதும். தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் நிற்கும் டைட் எண்ட் என்ற இடமே அந்த அமைப்பில் கிடையாது. பாஸ் பிடிக்கும் ரிசீவர்களும் குறைவு, அவர்களுக்கும் முதல் வேலை தடுப்பதுதான்.

இப்படிப் பதினோரு ஆண்டு சேர்த்த ஆட்களை 2019இல் ஜெஃப் காலின்ஸ் பெற்றுக்கொண்டு, என்எஃப்எல் பாணியில் விரிந்து ஆடும் முறைக்கு மாறினார். நின்று பாஸைக் காக்க வேண்டிய லைன்மேன்களின் எடை போதவில்லை. பின்னோக்கி நகர்ந்து கைகளால் தடுக்கும் பழக்கமும் இல்லை. ஆப்ஷனில் எல்லாமே முன்னோக்கிப் பாய்வதுதான். ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்குகள் வீச வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டத்திலேயே தி சிட்டடெல் என்ற சிறிய ராணுவக் கல்லூரி 27-24 என்று ஜார்ஜியா டெக்கை அதன் மைதானத்தில் வென்றது. சிட்டடெல் ஆடியது அதே டிரிபிள் ஆப்ஷன். காலின்ஸ் மூன்று முழுப் பருவங்களிலும் மூன்று மூன்று வெற்றிகளே பெற்று, 2022இல் நான்கு ஆட்டங்களுக்குப் பின் நீக்கப்பட்டார்.

எனவே நியமனக் குழு முதலில் எடுக்க வேண்டியது தன் கல்லூரியின் பட்டியல். 2025 முதல் ஓர் அணியில் 105 பேர் இருக்கலாம். அதில் லைன்மேன்கள் 15 அல்லது 16 பேராவது தாக்குதல் பக்கம் வேண்டும். பள்ளியிலிருந்து வரும் லைன்மேன் கல்லூரி உடம்புக்கு வளர இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். அதனால் ஆண்டுக்கு நான்கைந்து பேர் என்று சேர்த்துக்கொண்டே வர வேண்டும். முந்தைய பயிற்சியாளர் கடைசி இரண்டு ஆண்டுகளில் இரண்டிரண்டு பேர்தான் சேர்த்திருந்தால், புதியவரின் இரண்டாம் பருவத்தில் ஒரு குழி வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் போர்ட்டலில் பணம் கொடுத்து மூட முடியும், ஆனால் போர்ட்டலில் மிகவும் விலை ஏறியவர்களில் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் நல்ல டேக்கிள் லைன்மேன் ஒருவர். அடுத்து குவார்ட்டர்பேக்: இருப்பவர் எந்த முறைக்கு ஏற்றவர், அவர் தங்குவாரா? மூன்றாவது, டைட் எண்ட் எத்தனை பேர், எத்தனை ரிசீவர்கள்? பெரும்பாலும் பாஸ் வீசியே ஆடும், லீச்சின் ஏர் ரெய்ட் போன்ற முறைக்கு ரிசீவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும், டைட் எண்ட் ஏறக்குறைய வேண்டியதில்லை. ஓட்டத்தை நம்பும் முறைக்கு மூன்று நல்ல டைட் எண்டுகள் இல்லாமல் பொழுது விடியாது. இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிவிடலாம். எழுதிவிட்டு, வரப்போகிறவரின் முறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் எத்தனை இடம் காலி என்று தெரியும்.

சிறிய கல்லூரிகள், ஆள் விளையாத நிலத்தில் இருக்கும் கல்லூரிகள் இவர்களுக்கு நான் சொல்லும் வரிசை சற்று மாறும். டெக்ஸஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா மாநிலங்களின் பெரிய கல்லூரிகளுக்குக் காரில் போகும் தூரத்திலேயே தேவையான அத்தனை பேரும் கிடைப்பார்கள். அவர்கள் விசித்திரமான முறைக்குப் போக வேண்டியதே இல்லை. லப்பக் போன்ற ஒதுக்குப்புறத்தில் இருக்கும் டெக்ஸஸ் டெக் அந்த நாளில் அதே ஐந்து நட்சத்திரப் பையனுக்காக ஆஸ்டினில் இருக்கும் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தோடு மோதியிருந்தால் பத்தில் ஒன்பது தடவை தோற்றிருக்கும். அங்கே 2000 முதல் 2009 வரை லீச் செய்தது, மற்றவர்கள் வேண்டாமென்று விட்டவர்கள் போதுமான ஒரு முறையை ஆடியது. ஐந்தடி ஒன்பது அங்குல வெஸ் வெல்கருக்கு வேறு பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. ஏர் ரெய்டின் உள் ரிசீவருக்கு உயரம் முக்கியமில்லை, வெட்டித் திரும்பும் காலும் இடைவெளியைக் காணும் கண்ணும்தான் முக்கியம். லைன்மேன்களுக்கு இடையே மூன்றடிக்கும் மேல் இடைவெளி விட்டதால் எதிரணியின் வேகமான ஓரத் தற்காப்பாளர் குவார்ட்டர்பேக்கை எட்ட இன்னும் தூரம் ஓட வேண்டியிருந்தது. பழக வேண்டிய ஆட்ட வகைகள் எண்ணிக்கையில் குறைவு. மெஷ் என்ற ஆட்டத்தில் இரண்டு ரிசீவர்கள் ஐந்தாறு யார்டு ஆழத்தில் ஒருவர் கை ஒருவர் மேல் படும் நெருக்கத்தில் குறுக்கே கடப்பதை ஆயிரம் தடவை பழகுவார்கள். லீச் அங்கே 84 வெற்றி, 43 தோல்வி. அந்தக் கல்லூரிக்கு ஆட்ட முறையே ஆள் சேர்ப்பு உத்தி.

ராணுவ, கடற்படைக் கல்லூரிகளும் அப்படித்தான். படித்து முடித்ததும் படையில் சேவை செய்ய வேண்டும். 145 கிலோ லைன்மேனை அங்கே வைத்திருக்க முடியாது. ஆகவே ஆப்ஷன் அவர்களுக்குத் தேவையால் பிறந்தது. 2022இல் இடுப்புக்குக் கீழே தடுப்பதை மைதானத்தின் பெரும்பகுதியில் விதி தடுத்தபோது அந்த முறையின் ஒரு காலே முறிந்தது. ஆர்மி 2023இல் குவார்ட்டர்பேக்கைப் பின்னால் நிறுத்தும் வடிவத்துக்கு மாறிப் பார்த்து 6 வெற்றியோடு நின்றது. 2024இல் பழைய வடிவத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு 12 வென்று கான்ஃபரன்ஸ் பட்டமும் பெற்றது. தன்னிடம் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த ஒரு பயிற்சியாளர், ஜெஃப் மான்கன், அதே இடத்தில் தொடர்ந்து இருந்ததால் வந்த திருத்தம் அது.

இத்தனைக்கும் பிறகு இண்டியானாவைச் சொல்லி என்னை மறுப்பார்கள் என்று தெரியும். 2023இல் 3 வெற்றி பெற்ற அணி, கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டில் 11, இரண்டாம் ஆண்டில் 16க்கு 16 வென்று, 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வீழ்த்திப் பட்டம் சூடியது. நட்சத்திரக் கணக்கின் பாதிக் கோட்டுக்கு வெகு கீழே இருந்த அணி. அப்படியானால் ஆள் சேர்ப்பு முக்கியமில்லையா? சிக்னெட்டி யாரென்று பார்க்க வேண்டும். 2007இல் சேபன் அலபாமாவில் அமைத்த முதல் குழுவில் ஆள் சேர்ப்பு ஒருங்கிணைப்பாளர் அவர்தான். இண்டியானாவுக்கு வரும்போது தாம் முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூட்டி வந்தார். கூடவே தம் கோஆர்டினேட்டர்களையும் கொண்டு வந்தார். அதாவது முறையும் அதைப் பழகிய ஆட்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். மிச்சிகனிலும் ஜார்ஜியா டெக்கிலும் மூன்று ஆண்டிலும் முழுமையாக முடியாத வேலை இங்கே ஒரு கோடையில் முடிந்தது. பள்ளிப் பருவ நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கல்லூரி மைதானத்தில் ஏற்கெனவே செய்து காட்டியவர்களை எடுத்தார். பட்டம் வென்ற குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா கல்லூரியிலிருந்து போர்ட்டல் வழியாக வந்தவர். இண்டியானா நிரூபித்தது ஆட்களை எடை போடும் கண்ணின் மதிப்பை. 'வீடு வீடாகப் போய்ப் பேசி மயக்குபவர்' என்ற பழைய பொருளில் ஆள் சேர்ப்பவரைத் தேடுவது இனிப் போதாது.

அந்தக் கண் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? வரப்போகிறவர் முந்தைய இடத்தில் சேர்த்த நான்கு ஆண்டுப் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மூன்றாம் ஆண்டில் அவர் அதே அணியில் இருந்தாரா, தொடக்க வரிசையில் ஆடினாரா என்று குறிக்கச் சொல்லுங்கள். மூன்று நட்சத்திரத்தில் சேர்த்து என்எஃப்எல் வரை போனவர் எத்தனை பேர்? அவர்களைக் கண்டுபிடித்தது அவரா, உதவியாளரா? உதவியாளர் என்றால் அவரும் கூட வருகிறாரா? பையன்களின் வேகத்தையும் உயரத்தையும் எங்கிருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச், மின்னணுக் கருவியை விட 40 யார்டு ஓட்டத்தில் ஏறத்தாழ 0.2 நொடி குறைத்துக் காட்டும், அந்த 0.2 நொடியில் சாதாரண ரிசீவர் மின்னலாகத் தெரிவார். தம் முகாமில் தாமே அளந்ததையும், பள்ளி ஓட்டப் பந்தயங்களின் பதிவையும் நம்புகிறவர் வேலை தெரிந்தவர். லைன்மேனுக்குக் கையின் நீளத்தை அளக்கிறாரா என்பதும் ஒரு நல்ல கேள்வி.

ஆட்ட முறை பற்றியும் கேட்க வேண்டும், ஆனால் கரும்பலகையில் எத்தனை அழகாக வரைகிறார் என்று பார்ப்பதற்காக இல்லை. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. வசந்தத்தில் 15 நாள். பதினெட்டு வயதுப் பையன் அதற்குள் எத்தனை ஆட்டம் கற்றுக்கொள்வான்? காயத்தில் மூன்றாம் குவார்ட்டர்பேக் களமிறங்கினால் எத்தனை ஆட்டம் மிஞ்சும்? என்எஃப்எல்லில் முழுநேர ஊழியர்களோடு பழகியவர்கள் கல்லூரியில் தடுமாறுவதற்கு இந்த நேரக் குறைவு ஒரு முக்கியக் காரணம். நோட்டர் டேம் 2005 பருவத்துக்காகச் சார்லி வைஸை என்எஃப்எல்லிலிருந்து அழைத்து வந்தது. திட்டத்தில் நமக்குத் தெளிவான மேலாதிக்கம் இருக்கும் என்று அவர் ஆட்டக்காரர்களுக்கு உறுதி சொன்னார். முதல் பருவம் முடியுமுன்பே பத்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 2007இல் அணி 3 வென்று 9 தோற்றது.

காலக் கெடுவையும் கவனிக்க வேண்டும். 2025இல் வழக்கமான பருவம் நவம்பர் 29 அன்று முடிந்தது. பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள் டிசம்பர் 3. லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸிலிருந்து எல்எஸ்யூவுக்கு மாறியது நவம்பர் 30. புதியவருக்குக் கிடைப்பது மூன்று நாள். அந்த மூன்று நாளில் யார் யாருக்குத் தொலைபேசியில் பேசுவார், யாரைக் கைவிடுவார் என்ற பட்டியல் நேர்காணலுக்கே அவர் கையில் இருக்க வேண்டும். போர்ட்டல் 2026 ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே திறந்திருந்தது. வசந்தகாலத் திறப்பை நீக்கிவிட்டார்கள். ஜனவரியில் தவறாக எடுத்தவரோடு டிசம்பர் வரை குடித்தனம் நடத்தியே ஆக வேண்டும்.

கடைசியாகப் பணப் பிரிவினை. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகள் பல இதில் நான்கில் மூன்று பங்கு வரை கால்பந்துக்கே ஒதுக்குகின்றன. இந்தத் தொகையை எந்த இடத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது இப்போது ஆட்ட முறையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கையே இதற்கெனப் பொது மேலாளராக 2024 நவம்பரில் அமர்த்தியது. ஆகவே தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்தைப் பேசும் அதே மேசையில் மூன்று தொகைகளை எழுதி வைக்க வேண்டும்: உதவிப் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு, ஆட்களை எடை போடும் அலுவலகத்துக்கு எவ்வளவு, ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு. ஒப்பந்தத்தில் நீக்கும் தொகைக்குப் பக்கத்திலேயே, அவர் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளம் கழிக்கப்படும் என்ற வரி இருக்க வேண்டும். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. பென் ஸ்டேட் நீக்கிய ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் சில வாரங்களிலேயே வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தபோது, கொடுக்க வேண்டிய பாக்கி பெருமளவு குறைந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்